நாற்பத்தேழாவது நிமிடச் சிரிப்பு

அத்தியாயம் 7

“என் படத்தைப் பார்த்து எவனோ சிரிச்சுட்டான் மேடம். அவனைப் பிடிச்சுக் குடுக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் இருந்த ஒற்றை அறைத் துப்பறியும் நிறுவனம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவருக்கு மூன்று நாள் தாடி, நான்கு நாள் சட்டை. கண்ணில் மட்டும், பரீட்சை பேப்பரைத் திருத்தியவர் தவறு செய்துவிட்டார் என்று நம்பும் மாணவனின் பிடிவாதம்.

மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கு, கீழ்க்கடையை வைத்து ஊர் சூட்டிய பெயர் லென்ஸ். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினோரு வருடம் பொய்க் கால்கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தவள். கதவோரம் ஸ்டூலில் இருந்தவர் அவளுடைய ஒரே உதவியாளர்; அவளுடைய மாமனாரும் அவரே. முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மருமகளின் தொழிலில் படிக்கட்டுப் பயணமாகத் தொற்றிக்கொண்டவர். கண்டக்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

“சிரிக்கிறது ஒரு குத்தமா சார்? என்ன படம்?” என்றார் கண்டக்டர்.

“‘அலமாரி 2: இரண்டாம் தட்டு.’”

கண்டக்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். வெகுநேரம் இருமினார்.

“மாமா, தண்ணி குடிங்க,” என்று பல்லைக் கடித்த லென்ஸ், வந்தவரிடம் திரும்பினாள். “நீங்கதான் டைரக்டரா?”

“கதை, வசனம், டைரக்‌ஷன், எடிட்டிங். புகை போட்டதும் நான்தான். அலமாரிக்குள்ள அடைபட்ட ஆவி, அதை அடக்க வர்ற மந்திரவாதி. வெள்ளிக்கிழமை ரெண்டு தியேட்டர்ல ரிலீஸ். ஸ்டேஷன் ரோடு தியேட்டர்ல பதினொரு மணி ஷோவுக்கு நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். நாப்பத்தாறு நிமிஷம் ஒரு சத்தமில்ல. அப்படி ஒரு பயம்!”

“இல்ல, தூக்கமா?” என்றார் கண்டக்டர்.

“மாமா.”

“நாப்பத்தேழாவது நிமிஷம் அலமாரி திறக்குது, ஆவி வெளிய வருது. அப்ப பாத்து ஒரு ஆள் சிரிச்சான் மேடம். ஒரே ஒரு ஆள். அடுத்த நொடி மொத்தத் தியேட்டரும் சிரிக்க ஆரம்பிச்சது, இன்னும் நிறுத்தல. ஷோவுக்கு ஷோ சிரிக்கிறாங்க. எவனோ எதிரி ஆள் வெச்சு சிரிக்க வெச்சிருக்கான்.”

“உங்களுக்கு எதிரி யாரு?”

“தெரியல. ஆனா இவ்வளவு நல்ல படம் எடுத்தவனுக்கு எதிரி இல்லாமலா இருப்பான்?”

லென்ஸ் நோட்டில் ‘எதிரி’ என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள். “சரி, பிடிச்சு என்ன பண்ணப் போறீங்க?”

டைரக்டரின் குரல் இறங்கியது. “அக்கா முன்னாடி மன்னிப்புக் கேக்க வைக்கணும். படத்துல அந்த ஆவி எங்கக்காதான். ஆஸ்பத்திரியில ஊசி போடற நர்ஸு. எனக்காக லீவு போட்டு நடிச்சா.”

“ஊசி போடற நர்ஸுன்னா மேக்கப்பே வேணாமே,” என்றார் கண்டக்டர்.

டைரக்டர் கவனிக்கவில்லை. “முதல் பாகத்துக்கு அவதான் முதல் ரசிகை. படம் பார்த்துட்டு மூணு நாள் லைட்டை அணைக்காமத் தூங்கினா. அவ பயந்ததை நம்பித்தான் ரெண்டாம் பாகமே எடுத்தேன். வெள்ளிக்கிழமை அந்தச் சிரிப்பு கேட்டதும் எந்திரிச்சு ஓடினவதான், ரூமைச் சாத்திக்கிட்டா. பேச்சே இல்ல. இன்னிக்குக் காலைல கதவுக்கு அடியில இதைத் தள்ளியிருக்கா.”

கசங்கிய சீட்டை லென்ஸ் வாங்கிப் படித்தாள். நர்ஸுக்கே உரிய, மருந்துச் சீட்டில்கூடத் தப்பு வராத தெளிவான கையெழுத்து.

*இனிமேல் என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியாது. வெளியூர் ஆஸ்பத்திரியில் ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்று நாலு மணி ரயில். சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு.*

“வீட்ல நாங்க ரெண்டு பேர்தான் மேடம். அவ போயிட்டா...” டைரக்டர் சீட்டையே பார்த்தார். “நாலு மணிக்குள்ள அந்த ஆள் எனக்கு வேணும்.”

லென்ஸ் சீட்டை இரண்டாம் முறை படித்தாள். அதில் ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போய் முகம் கழுவிட்டு அக்கா ரூம் வாசல்லயே இருங்க. நாங்க வர்றோம்.”

படியிறங்கும்போது கண்டக்டர் கேட்டார். “மருமகளே, நாளைக்கு ஒருத்தன் வந்து ‘என் ஜோக்குக்கு யாருமே சிரிக்கல, கண்டுபிடிங்க’ன்னு கேட்டா அதையும் எடுத்துப்பியா?”

“அதுக்குக் கண்டுபிடிக்க என்ன இருக்கு மாமா? உங்க ஜோக்னு தெரிஞ்சுடுமே.”

* * *

ஸ்டேஷன் ரோடு தியேட்டர் வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை தொங்கியது. டிக்கெட் கிழிப்பவர் அதைத் தன் சொந்தக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வெள்ளிக்கிழமை முதல் ஷோவுக்கு இருபத்திரண்டு பேருங்க. அதுல ஒருத்தர் அட்ரஸ் மாறி வந்தவர். இப்பப் பாருங்க கூட்டத்தை! அதோ போறாரே, கையில கோட்டு மாட்டற ஹேங்கர், அவருக்கு இது நாலாவது தடவை. ஆவி வரும்போது தூக்கி ஆட்டுவாரு.”

“பேய்ப்படத்துக்கு எதுக்குப் பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டு வர்றாங்க?” என்றாள் லென்ஸ்.

“அது அழுதுக்கிட்டே இருந்துச்சாம். நேத்து இங்கதான் முதல்தடவையா சிரிச்சுதாம். அதான் மறுபடி கூட்டிட்டு வந்திருக்காங்க.”

முதல் நாள் முதல் ஷோவில் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. “கே வரிசை. வலது கோடி. அந்த வரிசையில அன்னிக்கு உட்கார்ந்த மூணு பேரும் இன்னிக்கும் அதே சீட்டுக் கேட்டு வாங்கியிருக்காங்க. மாத்தி உட்கார்ந்தா ராசியில்லையாம்.”

இருவரும் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றார்கள்.

திரையில் ஒரு வீடு. வீட்டில் ஓர் அறை. அறையில் ஓர் அலமாரி. பட்ஜெட் அத்துடன் முடிந்துவிட்டது தெரிந்தது. அலமாரி தந்தவர் படத்தின் தயாரிப்பாளர், மரச்சாமான் கடைக்காரர். மந்திரவாதியும் அவர்தான். எழுதிக் கொடுத்த மந்திரம் கடைசிவரை அவருக்கு மனப்பாடமாகவில்லை போலிருக்கிறது. தனக்கு எப்போதோ மனப்பாடமான ஒன்றைக் கண்ணை மூடி அடிக்குரலில் ஓதினார்:

“தேக்கு... பிளைவுட்... ஈரம் படாது... கரையான் அண்டாது... பத்து வருஷம்...”

“வாரண்ட்டீ!” என்று முந்நூறு பேர் முடித்து வைத்தார்கள்.

“இதுக்கு ஆவி அடங்காது, ஆர்டர் குடுத்துட்டுப் போயிடும்,” என்று கிசுகிசுத்தார் கண்டக்டர்.

நாற்பத்தாறாவது நிமிடம். யாரோ ‘உஷ்’ என்றார்கள். ஹேங்கர்காரர் ஹேங்கரை உயர்த்தினார். குழந்தைகூட விரல் சப்புவதை நிறுத்தியது. ஒரு கச்சேரியில் எல்லோருக்கும் பிடித்த பாட்டுக்கு முன்னால் விழுமே, அந்த மாதிரி ஓர் அமைதி.

கண்டக்டர் திரையைப் பார்த்தார். லென்ஸ் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கே வரிசையைப் பார்த்தாள்.

அலமாரிக் கதவு திறந்தது. வெள்ளை கவுனும் முன்னால் விழுந்த கூந்தலுமாக ஆவி ஓரடி வைத்தது. கவுன் கதவிடுக்கில் மாட்டியது. ஆவி நின்று, திரும்பிக் குனிந்து, பொறுமையாகக் கவுனை விடுவித்து, கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டு, மறுபடி கைகளை நீட்டிக்கொண்டு வந்தது. காலில் ஆஸ்பத்திரி ரப்பர் செருப்பு.

அப்போது கேட்டது அந்தச் சிரிப்பு. பொத்திய வாயிலிருந்து பீறிட்டு, அடக்கப்பட்டு, மறுபடி பீறிடும் விசித்திரச் சிரிப்பு.

“க்க்க்... ஹீக்... ஹீக்... ஹ்ம்ம்ப்...”

அடுத்த நொடி கூரை பறந்தது. பெண்கள் முன்சீட்டில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார்கள். கண்டக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சறுக்கி உட்கார்ந்தார்.

லென்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அந்த முதல் ‘ஹீக்’ வந்தபோது கே வரிசையில் ஒரு வாய்கூடத் திறந்திருக்கவில்லை.

இடைவேளையில் கே வரிசையை மடக்கினார்கள். முதலில் ஒரு தையல்காரர்.

“வெள்ளிக்கிழமை முதல்ல சிரிச்சது நீங்களா?”

“சத்தியமா இல்லைங்க. நான் ரெண்டாவது. எனக்கு வலப்பக்கம் அந்தம்மாதான்.”

வலப்பக்கத்து அம்மா, தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருப்பவர், கோபத்தில் சிவந்தார். “நானா? நான் நல்லா வளர்ந்த குடும்பம். எனக்கும் வலப்பக்கத்துல இருந்துதான் வந்துச்சு. அவரைக் கேளுங்க.”

அவருக்கு வலப்பக்கம், கழுத்தில் பட்டை கட்டிய ஒருவர். உடம்போடு சேர்த்துத்தான் அவரால் திரும்ப முடிந்தது. “டாக்டர் என்னைச் சிரிக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அதனாலதான் பேய்ப்படம்னு நம்பி வந்தேன். எனக்கு வலப்பக்கத்துலதான் சிரிச்சுது.”

“உங்களுக்கு வலப்பக்கம் சுவர்தானே சார்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? திரும்ப முடியாதே.”

கண்டக்டர் மருமகளின் காதருகே வந்தார். “பஸ்ல யாருடா விசில் அடிச்சதுன்னா ஒவ்வொருத்தனும் பக்கத்து சீட்டைக் காட்டுவான். ஆனா கடைசி சீட்டுக்காரன் ஜன்னலைக் காட்டினது இல்ல. சுவரைக் கைது பண்ணிடலாமா?”

லென்ஸ் சுவரை அண்ணாந்து பார்த்தாள். கழுத்துப் பட்டைக்காரரின் தலைக்கு நேர் மேலே தூசி படிந்த ஒரு கறுப்புப் பெட்டி.

“வண்டியை எடுங்க மாமா. பாலத்தடி தியேட்டருக்குப் போறோம்.”

* * *

பாலத்தடி தியேட்டரின் ஆபரேட்டர், புரொஜக்டர் அறையில் கால்மேல் கால் போட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். வேலையைவிடப் படம் பார்ப்பது கஷ்டம் என்ற முகம்.

“இங்கயும் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே சிரிச்சாங்களா?” என்று கேட்டாள் லென்ஸ்.

“எங்க சிரிச்சாங்க? வெள்ளிக்கிழமை நாலு ஷோவும் பொணம் மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. ஒருத்தர் படம் முடிஞ்சு அரை மணி நேரமா எந்திரிக்கலை. பயத்துல போயிட்டாரோன்னு தொட்டுப் பார்த்தேன். ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு.”

“அப்புறம் எப்ப சிரிப்பு ஆரம்பிச்சது?”

“நேத்து ரெண்டரை ஷோ.”

“நேத்துப் புதுசா யாராவது வந்தாங்களா? ஒரே ஆள் ரெண்டு தியேட்டருக்கும் மாறி மாறி...”

“இருபத்தஞ்சு பேர் வர்ற இடத்துல புது முகம் தெரியாதாங்க? அதே ஆளுங்கதான்.”

“அப்ப தியேட்டர்ல ஏதாவது மாத்தினீங்களா?”

“நாங்க எதை மாத்துவோம்? ஃபேன் துடைச்சோம். பாத்ரூம் தாழ்ப்பாள் போட்டோம். வலப்பக்க ஸ்பீக்கர் ஒரு மாசமா செத்துக் கிடந்துச்சு, நேத்து மத்தியானம் அதுக்கு உயிர் வந்துச்சு. வேற ஒண்ணுமில்ல.”

லென்ஸ் மெல்லச் சிரித்தாள். கண்டக்டருக்கு அது விளங்க, தியேட்டர் வாசலுக்கு வந்து ஸ்கூட்டரை உதைக்கும் நேரம் பிடித்தது.

“இரு, இரு. ஸ்டேஷன் ரோட்டுல சுவர்ப்பக்கம் சிரிப்பு, அங்க ஸ்பீக்கர். இங்க ஸ்பீக்கர் செத்திருந்தவரைக்கும் சிரிப்பில்ல. அப்ப சிரிச்சவன் தியேட்டருக்கே வரலியா?”

“படத்துக்குள்ள இருக்கார் மாமா. டிக்கெட் வாங்காம ரெண்டு தியேட்டர்லயும் தினம் நாலு ஷோ சிரிக்கிறார்.”

கண்டக்டரின் முகம் பிரகாசமானது. டிக்கெட் இல்லாப் பயணியைக் கண்ட பழைய பிரகாசம். “சவுண்டு போட்டவன்! அவன்தான் எதிரி! நீ கேள்வி கேக்காதே மருமகளே. நான் உள்ள போறேன், காலரைப் பிடிக்கிறேன், கதை முடிஞ்சுது!”

* * *

ஒலிப்பதிவுக்கூடம் என்பது ஓர் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது; ஆள் இல்லை. மூலையில் ஓர் அலமாரி நின்றது. அதே அலமாரி. கதவில் மரச்சாமான் கடையின் தள்ளுபடிச் சீட்டுகூட இன்னும் ஒட்டியிருந்தது.

“எவன்டா உள்ள? வெளிய வாடா!” என்று கண்டக்டர் மீசையை நீவினார்.

அலமாரி ‘க்ரீச்’ என்று திறந்தது. தலையில் ஏதோ கறுப்பாக மாட்டிய ஒல்லி உருவம் ஒன்று, போர்வை சுற்றிக்கொண்டு, ஓரடி வெளியே வைத்தது.

கண்டக்டர் போட்ட அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவர் மருமகளின் முதுகுக்குப் பின்னால் இருந்தார்.

“சாரி சார்,” என்றது உருவம், ஹெட்போனைக் கழற்றியபடி. தெருவில் எல்லோரும் அவனை ஹெட்போன் என்றுதான் கூப்பிடுவார்கள். “ரெக்கார்டிங் பூத்துக்கு இடமில்ல. தயாரிப்பாளர் இதையே குடுத்துட்டாரு. உள்ள போர்வை அடிச்சு வெச்சிருக்கேன். படத்துல எல்லாரும் இதுக்குள்ள நின்னுதான் டப்பிங் பேசினாங்க. மந்திரவாதி மட்டும் வயிறு உள்ள போகாம பாதி வெளிய நின்னாரு.”

“அலமாரியில ஷூட்டிங், அலமாரியில டப்பிங். ரிலீஸையும் அதுக்குள்ளயே வெச்சிருந்தா ஊர் தப்பிச்சிருக்கும்,” என்றார் கண்டக்டர், முதுகுக்குப் பின்னாலிருந்தே.

லென்ஸ் நேரே விஷயத்துக்கு வந்தாள். “நாப்பத்தேழாவது நிமிஷம். வலப்பக்கம். அந்தச் சிரிப்பை யார் சேர்த்தது?”

ஹெட்போனின் முகம் வெளிறியது. “எனக்குத் தெரியும் மேடம், இது வந்து என் தலையிலதான் விழும்னு. நானா சேர்க்கல. டைரக்டரே பென்டிரைவ்ல கொண்டுவந்து குடுத்தாரு.”

“டைரக்டரா?”

“ஆமா. இதைப் பாருங்க, ஃபைலுக்கு அவரே வெச்ச பேரு.”

கம்ப்யூட்டர் திரையில் எழுதியிருந்தது: *அசல் பயம்.*

“முதல் பாகம் ஓடினப்ப தியேட்டர்ல செல்போன்ல ரெக்கார்ட் பண்ணினாராம். ‘ஒரு மனுஷ உயிர் உண்மையிலேயே பயந்த சத்தம்டா இது, எந்த நடிகையாலயும் குடுக்க முடியாது’ன்னாரு. வலப்பக்கம் மட்டும் விடச் சொன்னாரு. பக்கத்து சீட்ல யாரோ பயந்து அழற மாதிரி இருந்தா, பயம் மத்தவங்களுக்கும் தொத்திக்குமாம். நான் போட்டுக் கேட்டுட்டு, ‘சார், இது சிரிக்கிற மாதிரி...’ன்னேன். ‘உனக்கு வாழ்க்கையில பயம்னா என்னன்னு தெரியுமா?’ன்னு கேட்டாரு. வாயை மூடிக்கிட்டேன். அவர் காதுக்கு இது இப்பவும் அழுகைதான், தியேட்டர்ல சிரிப்பாக் கேட்டது வேற யாரோன்னு நினைச்சிருப்பாரு.”

“படத்துல நாலு நொடிதான் இருக்கு. முழுசா இருக்கா?”

“இருக்கு. மிச்சத்தை வெட்டச் சொன்னாரு.”

ஹெட்போன் பொத்தானை அழுத்தினான்.

க்க்க்... ஹீக்... ஹீக்... நாற்காலி ஆடும் ஓசை. மறுபடி ஹீக். மூச்சை இழுத்துப் பிடிக்கும் ஓசை. அதன்பின் மிக அருகே, ஓர் ஆண் குரல், ரகசியமாக, கொஞ்சம் பெருமையாக, ரொம்பப் பிரியமாக:

“பயப்படாதக்கா. நான் இருக்கேன்ல.”

கண்டக்டர் வாயைத் திறந்தார். மூடினார். அவருக்கு ஜோக் வராமல் போனதை லென்ஸ் இரண்டாம் முறையாகப் பார்க்கிறாள். முதல் தடவை, அவர் பென்ஷன் வாங்கிய நாள்.

அவள் கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து விரித்தாள். காலையில் உறுத்தியது இப்போது பளிச்சென்று தெரிந்தது.

“ஊரே சிரிச்சதுக்காக வெக்கப்படற பொம்பளை என்ன எழுதுவா மாமா? ‘ஊர் முகத்தைப் பார்க்க முடியாது’ன்னு எழுதுவா. இவங்க ‘உன் முகத்தை’ன்னு எழுதியிருக்காங்க. அவமானத்துல ரூமைச் சாத்தல. பயத்துல சாத்தியிருக்காங்க.”

“தம்பி கொண்டுவரச் சொன்ன ஆள், அவன் வீட்டு ரூமுக்குள்ளயே இருக்கு,” என்றார் கண்டக்டர். மணியைப் பார்த்தார். இரண்டே முக்கால். “இதை அவன்கிட்ட எப்படிச் சொல்லுவே?”

“தெரியல மாமா. முதல்தடவையா, கண்டுபிடிக்காம இருந்திருக்கலாமோன்னு தோணுது.”

* * *

டைரக்டரின் வீடு இரண்டாம் மாடியில். முகம் கழுவி, சட்டை மாற்றி, சாத்திய கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூடிவைத்த ஒரு தட்டு, சாப்பாடு தொடப்படவில்லை. இவர்களைக் கண்டதும் துள்ளி எழுந்தார்.

“ஆள் கிடைச்சானா?”

“கிடைச்சாச்சு,” என்றாள் லென்ஸ்.

“எங்க? யாரு?”

சாத்திய கதவுக்குப் பின்னால் பெட்டியின் ஜிப் பாதியில் நின்றது. உள்ளே ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது வெளியே தெரிந்தது.

அப்போது கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

“நான்தாங்க அது.”

“மாமா!” என்றாள் லென்ஸ்.

“நீ சும்மா இரு மருமகளே. எத்தனை நாளைக்குத்தான் மறைக்கிறது? நான்தான் சிரிச்சேன் சார். வெள்ளிக்கிழமை பதினொரு மணி ஷோ. கெட்ட பழக்கம். சாவு வீட்ல கூடச் சிரிச்சு அடி வாங்கியிருக்கேன். அந்தம்மாவைக் கூப்பிடுங்க, கால்ல விழுந்துடறேன்.”

டைரக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபம் வரவில்லை, எடிட்டருக்கு வரும் சந்தேகம் வந்தது. “அந்தச் சிரிப்பு என் காதுலயே இருக்கு. எங்க, சிரிச்சுக் காட்டுங்க.”

“இப்பவா?”

“இப்பவே.”

கண்டக்டர் காலை அகட்டி நின்றார். நெஞ்சில் காற்றை நிரப்பினார்.

“ஹோ! ஹோ! ஹோ!”

“இது இல்ல.”

“கொஞ்சம் வயசாயிடுச்சுல்ல, ரெண்டு நாள்ல. இருங்க. ஹே... ஹேஹ்... ஹேஹேஹே...”

“ஆடு மாதிரி இருக்கு. அது சின்னதா, பொத்தின மாதிரி வரும்.”

கண்டக்டர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் பிதுங்க, முகம் நாவல்பழமாக, உள்ளிருந்து எதையோ தள்ளினார். வந்தது சிரிப்பில்லை. பஸ் கிளம்பும்போது ஊதும் விசில் மாதிரி ஒரு நீண்ட ‘ப்ப்பீஈஈ’.

கதவுக்குப் பின்னால் ஏதோ வெடித்தது.

“க்க்க்... ஹீக்... ஹீக்... ஹ்ம்ம்ப்...”

டைரக்டர் சிலையானார். மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினார். உள்ளே அடக்க முயல்வது கேட்டது. அடங்கவில்லை. ஹீக். ஹீக். பிறகு அதுவே விசும்பலாக மாறி, தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவைத் திறந்து நின்றவளுக்கு நாற்பது வயதிருக்கும். அழுது வீங்கிய கண்கள். அதே கண்களின் ஓரத்தில் இன்னும் வடியாத சிரிப்பு.

“நான்தான்டா,” என்றாள். “தியேட்டர்ல கேட்டது, நீ ரெக்கார்டு பண்ண என் சத்தம்தான். முதல் பாகத்துல, உன் பக்கத்துல உட்கார்ந்து, நான் அழல. சிரிச்சேன்.”

டைரக்டரின் உதடுகள் அசைந்தன. “மூணு நாள் லைட்டை அணைக்காமத் தூங்கினியே?”

“இருட்டுல கண்ணை மூடினா அந்தச் சீன் வந்துடும். பக்கத்து ரூம்ல நீ படுத்திருக்கே. சிரிச்சா உனக்குக் கேட்டுடுமேன்னுதான்...”

“எதுக்குக்கா பொய் சொன்னே?”

“நான் எங்கடா சொன்னேன்? படம் முடிஞ்சு லைட்டைப் போட்டாங்க. பதிமூணு பேர் சோம்பல் முறிச்சுக்கிட்டுப் போனாங்க. நீ திரும்பி என்கிட்ட, ‘பயந்துட்டியாக்கா?’ன்னு கேட்டே. உன் மூஞ்சி அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? அந்த மூஞ்சியைப் பார்த்து நான் என்னன்னு சொல்றது? தலையை ஆட்டினேன். அதுக்கப்புறம் நீ எனக்குன்னே பேய்க்கதை எழுதிக்கிட்டு வந்து நிக்கிறே. எப்படி மாட்டேன்னு சொல்ல?” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வெள்ளிக்கிழமை திடீர்னு என் சிரிப்பு என் காதுலயே கேக்குது. அடுத்த நிமிஷம் தியேட்டரே சிரிக்குது. உன் படத்தை நானே கொன்னுட்டேன்டா.”

டைரக்டர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒரு மனிதன் முதல் பாகத்துக்குப் பிந்தைய தன் மூன்று வருடங்களை ஆரம்பத்திலிருந்து மறுபடி ஓட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

“உங்க படம் சாகல சார்,” என்றாள் லென்ஸ். “ஸ்டேஷன் ரோட்டுல ஹவுஸ்ஃபுல். கே வரிசையில அதே ஆளுங்க அதே சீட்டுல.”

“சிரிக்கத்தானே வர்றாங்க.”

“தம்பி,” என்றார் கண்டக்டர். விளையாட்டு இல்லாத குரல். “நான் முப்பத்திரண்டு வருஷம் வண்டியில போனவன். எறங்கினவன் அதே வண்டியில திரும்பவும் ஏறி, ‘இன்னொரு சுத்து போ’ன்னு சொன்னதை ஒருநாளும் பார்த்ததில்ல. உன் படத்துக்கு நாலு தடவை ஏறியிருக்கான், கையில ஹேங்கரோட.”

டைரக்டர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் கட்டிலில் பாதி ஜிப் போட்ட பெட்டி.

“மூணாம் பாகத்துல நீ பேயா நடிக்க வேண்டாம்,” என்றார்.

அக்காவின் முகம் விழுந்தது. “சரிடா.”

“எழுத எழுத உன்கிட்டதான் படிச்சுக் காட்டுவேன். முடிச்சதும் முதல் ஷோவுக்கு, என் பக்கத்து சீட்டு உனக்கு.”

அவள் உள்ளே போனாள். பெட்டியை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினாள். திரும்பி வந்து, மூடிய தட்டை எடுத்துக்கொண்டு, தம்பிக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“டேய்... அதுலயும் எனக்குப் பயமே வரலைன்னா?”

டைரக்டர் தட்டின் மூடியைத் திறந்தார்.

“சிரிச்சுக்கோ. வாயை மட்டும் பொத்தாதே.”